கம்முனு இருந்தா தெளியும்

அக்கா, இந்த சீட்டுல யாராச்சும் வர்றாங்களா? இல்லீங்களா? அப்ப உக்காந்துக்கறேன். அந்தக் கவரைக் கொஞ்சம் தூக்கிப் புடிச்சுக்கங்க, என்ற பேக் இடிச்சுரும். அட, மீனுங்களா! ரெண்டு தங்க மீன். ஈரோட்டுல வாங்கினீங்களா? பையனுக்கா?

தொட்டி பழசுங்களா, புதுசுங்களா?

புதுசா. சரி.

அக்கா, ஒண்ணு சொல்லட்டுங்களா? தப்பா நினைச்சுக்காதீங்க. யாருன்னே தெரியாதவ சித்தோட்டுல பஸ் ஏறி உக்காந்ததும் புத்தி சொல்றாளேன்னு நினைக்கக் கூடாது. இன்னும் ரெண்டு மூணு நாள்ல உங்க தொட்டித் தண்ணி வெள்ளையாக் கலங்கும். அரிசி களைஞ்ச தண்ணியாட்ட ஆயிரும். அப்ப நீங்க ஒண்ணும் பண்ணக் கூடாது. கம்முனு இருக்கோணும். அவ்வளவுதானுங்க விசயம். இதைத் தெரிஞ்சுக்கறதுக்கு எனக்கு இருவத்தொரு நாளும் மூணு மீனும் ஆச்சு. வேலையும் போயிருக்கும். போகலை. இன்னும் போகலை.

என்ற பேரு கோகிலவாணி. பி.காம். எங்க வீட்டுல மட்டுமில்லை, எங்க வளவு வீடுக அத்தனைலயும் முதல் டிகிரி நான்தான். சர்ட்டிபிகேட்டை எங்கப்பா கண்ணாடி போட்டு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்காரு. வெள்ளிக்கிழமை அம்மா லட்சுமிக்குப் பொட்டு வெக்கறப்ப அதுக்கும் ஒண்ணு வெச்சுர்றாங்க. சரியா யுனிவர்சிட்டி முத்திரை மேலயே. இன்னும் ரெண்டு வருசம் போனா நான் எதுல பாஸ் பண்ணினேன்னு யாருக்கும் தெரியாது, குங்குமம்தான் தெரியும்.

கோபில ஒரு கண்ணாஸ்பத்திரில ரிசப்ஷன்ல இருக்கேன். ஆறு மாசம் பாத்துட்டுத்தான் நிரந்தரம்னு சொல்லிச் சேத்தாங்க. நாளையோட ஆறு மாசம் முடியுது. லெட்டர் அடிச்சு டாக்டர் மேஜை மேல இருக்குது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நான் எட்டிப் பாக்கலைங்க. தூசி தட்டறப்பக் கண்ணுல பட்டுச்சு.

வேலை ஒண்ணும் கஷ்டமில்லை. டோக்கன் போடோணும், சீட்டு எழுதோணும், ஆபரேசன் முடிஞ்சு போறவங்களுக்குப் பத்தியம் சொல்லோணும். பத்தியம் எனக்கு மனப்பாடம். "கண்ணைத் தொடாதீங்க. கசக்காதீங்க. தண்ணி படக் கூடாது. மங்கலாத் தெரியுதேன்னு பயந்துட்டுத் துடைச்சுத் துடைச்சுப் பாக்காதீங்க. சொட்டு மருந்தை மட்டும் விட்டுட்டுக் கை வெக்காம இருங்க, தானாத் தெளியும்." ஒரு நாளைக்கு நாப்பது தடவை சொல்றேன். தூக்கத்துலயும் சொல்றேனாம், அம்மா சொல்றாங்க.

இப்படி நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. அப்புறம் மேடத்துக்கு வாஸ்து வந்துச்சு.

மேடம்னா டாக்டரோட சம்சாரம், சுலோச்சனா மேடம். டாக்டர் கண்ணைப் பாப்பாரு, மேடம் மத்ததையெல்லாம் பாப்பாங்க. புதுசா வெயிட்டிங் ஹால் கட்டினாங்க. வாஸ்துக்காரர் வந்து திசைமானியை வெச்சுப் பாத்துட்டு, ஈசான்ய மூலைல நாலடித் தொட்டி, எட்டு தங்க மீன், ஒரு கறுப்பு மீன்னு சொல்லிட்டாரு. எட்டும் லட்சுமி வர்றதுக்கு, கறுப்பு திருஷ்டிக்கு. கண்ணாஸ்பத்திரிக்கே கண்ணு பட்டுருமான்னு நான் கேக்கலை. மனசுல நினைச்சதோட சரி.

ரெண்டாம் தேதி மீன் கடை ஹனீபா பாய் வந்து தொட்டி வெச்சாரு. மணல் கழுவிக் கொட்டி, செடி நட்டு, காத்து மோட்டார் மாட்டி, தண்ணி ஊத்தினாரு. அவர் அதிகம் பேசற ஆளு இல்லை. கிளம்பறப்ப என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, பத்து நாள் மீன் விடாதீங்க. விட்டாலும் ரெண்டே ரெண்டு விடுங்க. தண்ணி வெள்ளையாக் கலங்கும். பயந்துட்டு எதையாச்சும் பண்ணி வெக்காதீங்க. தானாத் தெளியும்"னு சொன்னாரு. நான் நோட்டுல எழுதிக்கிட்டேன். எங்கிட்ட நாப்பது பக்க நோட்டு ஒண்ணு இருக்குது, யார் என்ன சொன்னாலும் தேதி போட்டு எழுதிருவேன். எழுதி வெச்சா நம்ம மேல தப்பு வராது பாருங்க.

மூணாம் தேதி ஹால் பூசை. ஐயருக்கு அபிஷேகம் பண்ணிப் பண்ணிப் பழகின கை. ஹாலைச் சுத்தி தீர்த்தம் தெளிச்சுட்டு வந்தவரு, கண்ணாடிக்குள்ள தண்ணி நிக்கறதைப் பாத்ததும் சும்மா போவாருங்களா? ஒரு உத்தரணிக் கரண்டி பால், கொஞ்சம் மஞ்சத்தண்ணி, நாலு பூ. மேடம் தொட்டிக் கண்ணாடில மூணு இடத்துல குங்குமம் வெச்சு ஒரு முழம் மல்லி போட்டாங்க. தொட்டி சமைஞ்ச புள்ளையாட்ட உக்காந்திருந்துச்சு. ஒன்பது மணிக்குள்ள நல்ல நேரம் முடியுதுன்னு ஒன்பது மீனையும் அன்னைக்கே விட்டுட்டாங்க. "மேடம், பாய் பத்து நாள்னு சொன்னாரு"ன்னு நோட்டைக் காட்டினேன். "பாய் மீன் கடை வெச்சிருக்காரு, பஞ்சாங்கமா வெச்சிருக்காரு?"ன்னு கேட்டாங்க. நியாயம்தானுங்களே.

"கோகிலா, தொட்டி உன் பொறுப்பு. தினம் ஒரு சிட்டிகை தீனி. தண்ணி கண்ணாடியாட்ட இருக்கணும்"னாங்க. என் பொறுப்புன்னு ஒருத்தர் என்னைப் பாத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்னைக்கு ராத்திரி அதை நோட்டுல ரெண்டு தடவை எழுதினேன்.

அஞ்சாம் தேதி காலைல போய்ப் பாக்கறேன், தண்ணி வெள்ளை. ஐயர் ஊத்தினது ஒரு உத்தரணி. அங்க நிக்கறது ஒரு பண்ணைப் பால்.

நான் அதிகமா ஒண்ணும் பண்ணலைங்க, உள்ளதைச் சொல்றேன். தினமும் தண்ணியை மட்டும்தான் மாத்தினேன். முழுசா. நாலடித் தொட்டிக்குப் பதினெட்டு பக்கெட். ஆறரை மணிக்கே போயி, குழாய்த் தண்ணியைப் புடிச்சு ஊத்தி, வடிகட்டற பஞ்சைச் சோப்புப் பவுடர் போட்டுத் துவைச்சு, மணலை அலசி, புதுசாட்ட வெச்சுருவேன். சாயந்தரம் பாத்தா பளிச்சுனு இருக்கும். "பாத்தீங்களா மேடம்"னு காட்டுவேன். மறுநாள் விடிஞ்சா மறுபடியும் பால்.

தீனியும் ஒரு சிட்டிகைதானுங்க. காலைல ஒரு சிட்டிகை. அப்புறம் பக்கத்துல போறப்பெல்லாம் ஒன்பதும் வாயைத் திறந்துட்டு ஓடி வந்து நிக்குதுங்களா, எங்க வீட்டுல யாரையும் சாப்பிட்டீங்களான்னு கேக்காம அனுப்பினதில்லை, அதனால ஒரு சிட்டிகை. மேடம் மாடிப்படி எறங்கற சத்தம் கேட்டா எனக்குப் படபடன்னு வரும், அப்ப ஒரு சிட்டிகை. போன் அடிச்சா ஒண்ணு. மொத்தம் எத்தனைன்னு நோட்டுல இருக்குது. ஒவ்வொண்ணும் ஒரு சிட்டிகைதான். அதுக்கு மேல ஒரு தடவைகூடப் போட்டதில்லை. பேஷண்ட்டுங்க கொஞ்சம் முறுக்கும் வர்க்கியும் போடுவாங்க, அது என் கணக்குல வராது.

ஆயா வேலை பாக்கற மாரக்காதான் முதல்ல சிரிச்சாங்க. "ஏங்கண்ணு, உன்ற மாமியார் வீட்டுக்குக்கூட இத்தனை தண்ணி தூக்கமாட்டே. கம்முனு உடு. கொளம் குட்டைக்கெல்லாம் யாரு சோப்புப் போடறாங்க?" அவங்க படிக்காதவங்க, அவங்களுக்கு ஒரு பொறுப்பும் கிடையாது, சொல்லத்தான் செய்வாங்க.

பாய்க்குப் போன் பண்ணினேன். ஒரு தடவை இல்லை, பதினோரு தடவை. கடைசித் தடவை அவருக்குக் கோவம் வந்துருச்சு. "ஏம்மா, தண்ணிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுரு இருக்கு. அழுக்கைத் திங்கறது அதுதான். அது மணல்லயும் பஞ்சுலயும் குடியேறணும். வாடகைக்கு வந்தவனைத் தினம் காலைல சாமான் செட்டோட ரோட்டுல எறக்கி விட்டா அவன் எப்ப அடுப்பு பத்த வெப்பான்? கம்முனு இரு தாயி!"ன்னு வெச்சுட்டாரு.

எழுதிக்கிட்டேன். ஆனா கண்ணுக்கே தெரியாத ஒண்ணு நம்ம வேலையைப் பாத்துரும்னு நம்பிட்டு உக்காந்திருக்க முடியுங்களாக்கா? மேடம் கேட்டா, "உசுருங்க குடி வந்துட்டிருக்குதுங்க மேடம்"னு சொல்றதா?

எங்கப்பா சாயப்பட்டறைல வேலை. சாயம் போட்டு வர்ற தண்ணியைச் சுண்ணாம்பும் படிகாரமும் போட்டுத் தெளிய வெக்கற பக்கம். தண்ணியைப் பத்தி அப்பாகிட்ட யாரும் பேச முடியாது. "ரத்தமாட்ட வர்ற தண்ணியவே நான் இளநியாட்ட ஆக்கறேன், இது என்ன சுண்டைக்கா"ன்னு கட்டைவிரல் பெருசுக்கு ஒரு படிகாரம் குடுத்து விட்டாரு. போட்டேன். அரை மணி நேரத்துல தெளிஞ்சுருச்சு. அப்பா பெரிய ஆளுன்னு நினைச்சு முடிக்கலை, ஒன்பது மீனும் மேல வந்து வாயைப் பொளந்து நிக்குதுங்க. பசிக்குதுபோலன்னு ஒரு சிட்டிகை போட்டேன். மறுநாள் ஒண்ணு மல்லாந்து கெடந்துச்சு.

அழுதுட்டே போயி மேடம்கிட்டச் சொன்னேன். மேடம் ரெண்டு கன்னத்துலயும் போட்டுக்கிட்டாங்க. "நமக்கு வர இருந்ததை அது வாங்கிக்கிச்சு. நல்ல சகுனம்!" எனக்கு ஒரு கேசரி குடுத்தாங்க.

ரெண்டாவது செத்தப்ப, "இதுவும் வாங்கிக்கிச்சு"ன்னாங்க. கேசரி இல்லை.

மூணாவது செத்தப்ப ஒண்ணும் சொல்லலை. என்னைப் பாத்தாங்க.

அப்புறம் அம்மா தேத்தாங்கொட்டை குடுத்தாங்க. தெரியுமில்லீங்களா? கலங்கின தண்ணிப் பானைக்குள்ள உரசினா மண்ணு அடில தங்கிரும். பானை மண்ணு, சொரசொரன்னு இருக்கும், உரசலாம். தொட்டி கண்ணாடி. முக்கா மணி நேரம் உரசினேன், கீறல் விழுந்ததுதான் மிச்சம். கையை உள்ள விட்டு மூஞ்சியைக் கண்ணாடி விளிம்புல ஒட்ட வெச்சுட்டு உரசறதைப் பாத்து ஒரு பெரியம்மா, "ஏஞ்சாமி, மாவு ஆட்டறியா?"ன்னு கேட்டுச்சு. தொட்டியை உத்துப் பாத்துட்டு, "மீனே தெரியலை, எனக்குப் புரை முத்திப் போச்சு"ன்னு தானாவே ஆபரேசனுக்குப் பேர் குடுத்துட்டுப் போயிருச்சு. அந்த வாரம் அப்படி ஆறு பேருங்க. டாக்டர் நல்லவரு. சோதிச்சுப் பாத்துட்டு நாலு பேரை, "ஒண்ணுமில்லை, போங்க"ன்னு அனுப்பிட்டாரு.

இப்பத்தான் முக்கியமான கட்டத்துக்கு வர்றேன். உங்களுக்குத் தூக்கம் வரலையே? கவரை நேராப் புடிச்சுக்கங்க, அதுங்களுக்குக் காத்து வேணும்.

பத்தொன்பதாம் தேதி இலவச கேம்ப். டாக்டரோட அப்பா நினைவு நாளுக்காக வருசா வருசம் பண்றது. முந்தின நாள் இருவத்திரண்டு பேருக்கு ஆபரேசன், பத்தொன்பது காலைல கட்டுப் பிரிக்கறது. லென்சுக்கெல்லாம் செலவு பண்ற மஞ்ச மண்டி முதலாளி தலைமை தாங்க வர்றாரு. மேடம் போன மாசமே யோசிச்சு வெச்சிருந்தாங்க: இருவத்திரண்டு நாற்காலியையும் தொட்டியைப் பாத்த மாதிரி போடோணும். கட்டுப் பிரிச்சதும் முதல்ல கண்ணுல படறது தங்க மீனா இருக்கோணும். போட்டோ எடுக்கறதுக்கு ஆள் சொல்லியாச்சு.

அன்னைக்குக் காலைல தண்ணி எப்படி இருந்துச்சுன்னு நான் சொல்லித்தான் தெரியோணுமா?

"மேடம், நாற்காலியை அக்கட்டால திருப்பிப் போட்டுரலாமா?"

"தெக்கப் பாத்து உக்கார வெக்கறதா? கண்ணு திறக்கற நேரத்துல எமன் திசையையா காட்டறது?" மேடம் கொஞ்ச நேரம் தொட்டியைப் பாத்துட்டு, "யாராச்சும் கேட்டா, இது புது டிசைன், பனிமூட்டம் மாதிரி செட்டிங்னு சொல்லிரு"ன்னாங்க.

நான் பொய் சொல்லிப் பழகினவ இல்லைங்க. ஆனா ஆறு மாசம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்துச்சு. "சரிங் மேடம்"னேன்.

முதல் நாற்காலில சென்னியப்பன்னு ஒருத்தரு. அந்தியூர்ச் சந்தைல ஆட்டு யாவாரி. சிஸ்டர் கட்டைப் பிரிச்சு, பஞ்சை எடுத்து, கண்ணைத் துடைச்சு விட்டாங்க. முதலாளி பக்கத்துல நிக்கறாரு, போட்டோக்காரர் குனிஞ்சு ரெடியா இருக்காரு. டாக்டர் கேட்டாரு, "ஐயா, என்ன தெரியுது?"

அவர் நிதானமாப் பாத்தாரு. இக்கட்டால ஒருக்கா, அக்கட்டால ஒருக்கா.

"மோர்ல மீன் நீந்துதுங்."

டாக்டர் சிரிச்சுட்டே, "ஐயா, உங்க கண்ணு நல்லாருக்குது. தண்ணிதான் கொஞ்சம் கலங்கியிருக்குது"ன்னாரு.

"ஏனுங் டாக்டரே, ஆபரேசன் பண்ணினது எனக்கா தண்ணிக்கா? பழைய கண்ணே தேவலைங்களே. அதுல ஆட்டுக்குப் பல்லாச்சும் எண்ணுவேன்!"

ரெண்டாவது நாற்காலி அம்மா, "எனக்கும் பொகையாட்டத்தான் தெரியுது சாமி"ன்னு தலைல கை வெச்சுட்டாங்க. மூணாவது ஆளுக்கு இன்னும் கட்டே பிரிக்கலை, அவரும் மங்கலாத்தான் இருக்குதுன்னாரு. "ஓசின்னு கூட்டியாந்து கண்ணைப் புடுங்கிட்டாங்கடா"ன்னு பின்னால ஒருத்தர். மஞ்ச மண்டி முதலாளி தன்னோட கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிப் பாக்கறாரு. டாக்டருக்கு மூஞ்சி வெளுத்துருச்சு. இருவத்தேழு வருசமா ஆபரேசன் பண்றவரு, டார்ச்சை எடுத்து சென்னியப்பன் கண்ணுல மறுபடியும் அடிச்சுப் பாக்கறாரு.

என்னைப் பாத்துட்டாரு. "கோகிலா, நீ சொல்லும்மா. தண்ணி எப்படி இருக்குது?"

முதலாளிக்குப் பின்னால மேடம் நிக்கறாங்க. பனிமூட்டம், பனிமூட்டம்னு வாயை மட்டும் அசைக்கறாங்க. இருவத்திரண்டு பேர்ல ரெண்டு பேருக்குத்தான் கட்டுப் பிரிச்சிருக்குது, ஆனா எல்லாரும் என் பக்கம் திரும்பிட்டாங்க. வாயில ஒண்ணும் வரலைன்னா கை என்ன பண்ணும்? நோட்டைத் தொறந்துச்சு.

படிச்சேனுங்க. தேதி வாரியா. "மூணாம் தேதி. பால் ஒரு உத்தரணி, மஞ்சத்தண்ணி, பூ நாலு. அஞ்சாம் தேதி. தண்ணி வெள்ளை. பதினெட்டு பக்கெட். பஞ்சு சோப்புப் பவுடர்ல துவைத்தது. தீனி ஒரு சிட்டிகை, பதினாலு தடவை. ஒன்பதாம் தேதி. படிகாரம், அப்பா கொடுத்தது. பத்தாம் தேதி. மீன் ஒன்று காலி. மேடம் நல்ல சகுனம் என்றார். கேசரி." நிறுத்தத் தெரியலை. பதினெட்டாம் தேதி வரைக்கும் படிச்சேன். "பத்தொன்பதாம் தேதி. பனிமூட்டம் என்று சொல்லச் சொன்னார்கள். பனிமூட்டம் இல்லைங்க. தண்ணி கலங்கித்தான் இருக்குது. பதினஞ்சு நாளா. என்னாலதான்"னு சொன்னேன். கடைசி வரி நோட்டுல இல்லை, தானா வந்துச்சு. அதுக்கப்புறம் அழுகைதான்.

சென்னியப்பன் எந்திரிச்சு பக்கத்துல வந்தாரு. சந்தைல ஆட்டைப் பாக்கற மாதிரியே என் மூஞ்சியைப் புடிக்காத குறையாப் பாத்தாரு.

"டாக்டரே, என்ற கண்ணுக்கு ஒண்ணுமில்லீங். இந்தப் புள்ளை அழுகறது நல்லாத் தெரியுது. மூக்கு நுனில வேர்வை நிக்குது. மூக்குத்தில ஒரு கல்லு விழுந்திருக்குது, அதுவும் தெரியுது."

தொட்டுப் பாத்தா நெசமாலுமே ஒரு கல்லைக் காணோம். உரசறப்பத் தொட்டிக்குள்ள விழுந்திருக்கோணும்.

அவ்வளவுதான். அடுத்த நாற்காலி அம்மா, "எங்க, நானும் பாக்கறேன்"னு வந்தாங்க. "ஆமா, கல்லு இல்லை. எனக்கும் தெரியுது!" அப்புறம் ஒவ்வொருத்தருக்கா கட்டைப் பிரிக்கறது, என் முன்னால கூட்டியாந்து நிறுத்தறது. இருவத்திரண்டு பேரும் என் மூஞ்சியைப் பாத்துத்தான் அவங்க கண்ணைச் சோதிச்சுக்கிட்டாங்க. மூக்குத்தியை எண்ணாம ஒருத்தரும் வீட்டுக்குப் போகலை. அழுகையை நிறுத்தக்கூட முடியலை, "கொஞ்சம் இரு கண்ணு, இன்னும் நாலு பேருதான்"னு மாரக்கா சொல்றாங்க.

சாயந்தரம் டாக்டர் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. "இவளை நாளைல இருந்து வரவேண்டாம்னு சொல்லிருங்க. கேசரி வரைக்கும் எழுதி வெச்சுப் படிக்கறா"ன்னு மேடம். டாக்டர் என்ற நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாப் பொரட்டினாரு. அப்புறம் சொன்னாரு, "முப்பத்தொண்ணாம் தேதி இவளுக்கு ஆறு மாசம் முடியுது. அன்னைக்குத் தண்ணி தெளிஞ்சிருந்தா கையெழுத்துப் போடறேன். ஒரே ஒரு நிபந்தனை. அதுவரைக்கும் இவ தொட்டியைத் தொடக் கூடாது. தீனி மாரக்கா போடட்டும்."

"ஒண்ணும் பண்ணாம எப்படிங் சார் தெளியும்?"

"பேஷண்ட்டுக்கு நீ என்ன பத்தியம் சொல்றே?"

ஒப்பிச்சேன். தொடாதீங்க, கசக்காதீங்க, தண்ணி படக் கூடாது, கை வெக்காம இருங்க, எல்லாம்.

"அதேதான்"னாரு.

எனக்குப் புரியலை. "தொட்டிக்கும் சொட்டு மருந்து விடோணுமாங் சார்?"னு கேட்டேன். டாக்டர் கண்ணை மூடிக்கிட்டாரு. பாவம், அன்னைக்கு ரொம்பக் களைச்சுப் போயிருந்தாரு.

அதுக்கப்புறம் நான் தொடவே இல்லைங்க. சத்தியமா. ரெண்டு கையும் மேஜைக்கு அடில. மாரக்காவுக்குப் பொறுப்புன்னா என்னன்னே தெரியாது, ரெண்டு நாளைக்கு ஒருக்கா நாலு உருண்டை போடுவாங்க, ஒரு வாட்டி மூணு நாள் மறந்தே போயிட்டாங்க. நோட்டுல இருக்குது. தண்ணி மாத்தறது கிடையாது. பஞ்சைப் புழியறதுகூடக் கிடையாது. மீன் பட்டினி கெடந்து செத்துரும், தண்ணி சாக்கடை ஆயிரும், நமக்கு வேலை போச்சுன்னு முடிவு பண்ணி, வேற ரெண்டு எடத்துக்கு அப்ளிகேசன்கூடப் போட்டுட்டேன்.

இருவத்தாறாம் தேதி, புதன்கிழமை, காலைல கதவைத் தொறக்கறேன், தொட்டில தண்ணியே இல்லை. யாரோ இறைச்சுட்டாங்கன்னு பதறிப் போயிட்டேன். கிட்டப் போய்ப் பாத்தா தண்ணி இருக்குது. அவ்வளவு தெளிவு. அந்தப் பக்கத்துச் சுவத்துல மாட்டியிருக்கற காலண்டர்ல ராகு காலம் படிக்கலாம். மணல்ல என் மூக்குத்திக் கல்லு மினுங்குது. எடுக்கலை. தொடக் கூடாதுன்னு உத்தரவு.

அப்புறம் பாக்கோணுமே! படிகாரம் மெதுவா வேலை செய்யும்னு அப்பா. தேத்தாங்கொட்டை கை விடாதுன்னு அம்மா. "நான் அப்பவே தொட்டியை ரெண்டு அங்குலம் தள்ளி வெக்கச் சொன்னேன், அதனாலதான்"னு வாஸ்துக்காரர். ஐயர் ஒண்ணும் சொல்லலை, தட்டை மட்டும் நீட்டினாரு. மாரக்கா, "நாந்தான் ஒண்ணும் பண்ணலியே"ன்னாங்க. அது ஒண்ணுதான் நெசம், ஆனா அதை ஒரு காரணம்னு சொல்ல முடியுங்களா?

எனக்கு அன்னைல இருந்துதான் பயமே. கலங்கியிருந்தப்பக்கூட இத்தனை பயம் இல்லை. எப்படித் தெளிஞ்சுதுன்னே தெரியலைன்னா, எப்பக் கலங்கும்னும் தெரியாதில்லீங்களா? எங்க வீட்டுல ஒண்ணும் பண்ணாம ஒண்ணும் நடந்ததில்லைக்கா. சாதிச் சான்றிதழுக்கு எங்கப்பா தாலுக்கா ஆபீசுக்கு ஒன்பது தடவை நடந்தாரு. எட்டோட நிறுத்திட்டுக் கம்முனு வீட்டுல உக்காந்திருந்தா அது தானா வந்திருக்குமா? காலேஜ்ல எல்லாரும் ஒரு தடவை படிச்சா நான் நாலு தடவை படிச்சேன். கம்முனு இருந்தாலும் கிடைக்கும்கறது, கிடைச்சுப் பழகினவங்களுக்குத்தான் தெரியும். எங்களுக்கு யாரும் அதைச் சொல்லிக் குடுக்கலை.

கவுந்தப்பாடி தாண்டிட்டமா? பேச்சுல தெரியவே இல்லை.

இன்னைக்கா? இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதான். ஆஸ்பத்திரி லீவு. நேத்து கிளம்பறப்ப டாக்டரே கூப்பிட்டுச் சொன்னாரு, "நாளைக்கு வராதே. வீட்டுல இரு. திங்கக்கிழமை காலைல வா, தண்ணி இப்படியே இருந்தா கையெழுத்து"ன்னு. நான் உள்ள போகப் போறதில்லைங்க. வெளிய நின்னு கண்ணாடி வழியா ஒரு பார்வை, அவ்வளவுதான், அடுத்த பஸ்சுல திரும்பிருவேன். வாட்ச்மேன் எங்க பக்கத்து ஊர்க்காரர்தான், அண்ணான்னுதான் கூப்பிடுவேன், கேட்டா சாவி தருவாரு. ஆனா நான் கேக்கப் போறதில்லை. அங்க மாரக்காவும் இருக்கமாட்டாங்க. ஆறு மீனு இன்னைக்குப் பூரா சாப்பிடாம இருக்கும். அந்தக் கறுப்பு மீன் என்னைப் பாத்ததும் ஓடி வந்து வாயைத் தொறக்கும் பாருங்க, பேர் சொல்லிக் கூப்பிடற மாதிரியே இருக்கும்.

இதுவா? இது தீனிப் பொட்டலம். சும்மா பேக்குல கெடக்குது. உங்க மீனு ரெண்டும் வாயைத் தொறக்குது பாருங்க, கவரை லேசா அவிழ்த்தீங்கன்னா... வேண்டாமா? சரிங்க, சரிங்க. நீங்க சொல்றதும் சரிதான். நான்தான் இத்தனை நேரம் அதையே சொல்லிட்டு வந்தேன்.

அக்கா, ஒண்ணு பண்ணுங்க. இந்தப் பொட்டலத்தை நீங்களே வெச்சுக்கங்க. எங்கிட்ட இருந்தா சரிப்படாது. புடிங்க, அட புடிங்க, புதுசுதான். உங்க மீனுக்கு ஆகும். ஆனா நாலு நாளைக்குப் போடாதீங்க. நம்பியூர் ரோடு வந்துருச்சு, அடுத்தது என்ற ஸ்டாப்.

ஒரு நிமிசம், ஒரு நிமிசம். அந்தப் பொட்டலத்தைக் கொஞ்சம் குடுங்க. முழுசா இல்லைக்கா. இந்த டிக்கெட்டுல மடிச்சுக்கறேன். போடறதுக்கில்லை, கைல இருந்தா ஒரு தைரியம்.

ஒரே ஒரு சிட்டிகை.